மூன்றாவது இயந்திரத்தின் பெயர்

2018 மார்ச். கண்டிக்குப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்த வாரம். ஊரடங்கு போட்டிருந்தார்கள். சுந்தரி கட்டுகஸ்தோட்டையில் தன் வாடகை அறையில் இருந்தபடியே கண்டி அலுவலகத்துக் கணினிகளுக்குப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

அங்கே எழுதும் மென்பொருளைத் தானாகவே கட்டிச் சோதித்துத் தரும் ஓர் அமைப்பு உண்டு. ஒரு கணினி உத்தரவு போடும், மூன்று கணினிகள் செய்யும். அந்த மூன்றுக்கும் பழைய பதிப்பில் 'ஸ்லேவ்' என்று பெயர். அடிமை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். புதிய பதிப்பு 'ஏஜென்ட்' என்றது.

மேலாளர் வரதராசா தொலைபேசியில் வந்தார்.

"பிள்ளை, பதிப்பை மட்டும் ஏத்தும். பேரைத் தொடாதையும். பழைய பேரோடையும் ஓடுமெல்லே?"

"ஓடும் சேர். ஆனா நம்ம ஃபைல்கள்ல நூத்திநாப்பது எடத்துல அந்தச் சொல்லு இருக்கு. இனிமே அத நான் டைப் பண்ண மாட்டேன்."

"திங்கள் விடிய கஸ்டமருக்குப் போகோணும். ஏதும் பிழைச்சுப்போனா?"

"பிழைச்சா என் தலையில போடுங்க."

புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் அப்பா கறுப்பையாவை முப்பத்தெட்டு வருடமும் காலைப் பிரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதலாம் வகுப்பில் டீச்சர் தகப்பன் பெயர் கேட்டபோது சுந்தரி எழுந்து நின்று, "இருநூத்திப் பதினாலு" என்றாள்.

மதியத்துக்குள் எல்லா இடத்திலும் சொல் மாறிற்று. நம்பரையும் எடுத்துவிட்டு மலையக இடங்களின் பெயர் வைத்தாள். முதல் கணினி ஹந்தானை, இரண்டாவது புசல்லாவை. இரண்டும் சரியென்று பச்சை காட்டின. மூன்றாவது மட்டும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டு வந்து நின்றது. புதிய பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அமைப்பு உள்ளே விடவில்லை. எங்கே தேடியும் அந்தச் சொல் அகப்படவில்லை.

மூன்றாவதை அமைத்தவள் கூட வேலை செய்யும் கைரியா. வீடு முஸ்லிம்கள் நிறைந்த அக்குறணையில். கலவரம் அங்கேயும் பரவியிருந்தது. இந்த நேரத்தில் வேலை பேசுவதா என்று சுந்தரி கொஞ்சம் தயங்கினாள். வாட்ஸ்அப்பை அரசாங்கம் தடுத்திருந்தது. சாதாரண அழைப்பே எடுத்தாள்.

"கைரியா, எப்படி இருக்கீங்க?"

"ஈக்கிறோம். வாப்பாவும் நானாமாரும் கேட்டடியில காவலுக்கு முழிச்சிட்டு ஈக்காங்க. சுகம் விசாரிக்கவா எடுத்த, வேலைக்கா?"

"ரெண்டுக்கும்."

"பொய்க்காரி." கைரியா சிரித்தாள். "சரி, சொல்லு. எனக்கும் வேற ஏதாச்சும் நெனைக்கோணும்."

சுந்தரி சொன்னாள்.

"அது வெளிய தேடினா கெடைக்காதுடி. அந்த மெஷினுக்குள்ளயே ஒரு ஃபைல் ஈக்கு. பேர நான்தான் கையால எழுதி வெச்சேன்."

சுந்தரி திறந்தாள். இரண்டாவது வரியில் இருந்தது. அழித்தாள்.

"என்னா பேரு வைக்கட்டும்?"

கைரியா வீட்டில் யாரோ கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்குறணைன்னு வை."

திங்கள் காலை வரதராசா அறிக்கையை வாய்விட்டு வாசித்தார். "ஹந்தானை பச்சை. புசல்லாவை பச்சை. அக்குறணை... பச்சை." கண்ணாடியைக் கழற்றினார். "ஓம் பிள்ளை. நீரே அனுப்பிவிடும்."

கஸ்டமருக்குப் போகும் கடிதங்களை இதுவரை அவர்தான் அனுப்பினார். சுந்தரி எழுதினாள். தன் பெயரை எப்போதும் 'கே. சுந்தரி' என்றுதான் எழுதுவாள். அன்று முழுதாக அடித்தாள்: கறுப்பையா சுந்தரி.