முனிக்கு வைத்த மாத்திரை

குடிபெயர்ந்தோர் நினைவுகளைத் திரட்டும் மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

இந்நாட்டு மருத்துவமனையில் மாத்திரையைச் சிறிய கடதாசிக் கிண்ணத்தில் கொடுத்து, நோயாளி விழுங்கும்வரை தாதி எதிரே நின்று பார்க்கிறாள். இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பின் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் முதற் குளிர்காலத்தில், என் மனைவி செல்லம்மா அத்தகைய கிண்ணமொன்றை ஏந்தியபடி விழுங்க மறுத்தாள். புற்றுநோய்க்கு ஏற்றிய ஊசிமருந்து அவளை வாந்தியால் வற்றச் செய்திருந்தது. நீர்கூடத் தங்கவில்லை. இப்படியே போனால் ஊசியை நிறுத்த நேரிடும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். குமட்டலை அடக்க அவர் தந்த மாத்திரை, கஞ்சாவில் போதை தரும் பொருளை ஒத்து ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டது. அதை அவளிடம் நான் மறைக்கவில்லை.

ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் கஞ்சாவை அறிந்தது காவல்தெய்வம் முனியாண்டியின் படையலில்தான். தேயிலை மலையின் எல்லையில் நிற்கும் அந்தக் கல்லுக்குச் சாராயம், சுருட்டு, ஒரு சிறு பொட்டலம் கஞ்சா. பெண்கள் தொலைவிலேயே நிற்க வேண்டும். சாமிக்கு வைக்குமுன் தொட்டால் வாய் கோணிவிடும் என்பது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எவரும் சோதித்துப் பார்க்கத் துணியாத நம்பிக்கை.

“அவருக்கு வைக்காம நான் திங்க மாட்டேங்க.”

“இங்க ஏது புள்ள முனி? நாடில்லாத ஆளுங்கன்னு நம்மளயே எத்தன வருசம் அலைய விட்டானுங்க. அவருக்கு மட்டும் விசா குடுத்துருவானுங்களா?”

“காவக்காரருக்கு எதுக்குங்க விசா? பேசாம அந்தச் சன்னல்ல வைங்க.”

வைத்தேன். மாத்திரையை ஒளிக்கிறோம் என்று எண்ணித் தாதி முகம் சிவந்தாள். “ஃபர்ஸ்ட் காட், ஆஃப்டர் வைஃப்” என்று எனக்கியன்ற ஆங்கிலத்தில் விளக்கினேன். மதத்தின் பேரால் சிகிச்சையை மறுக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு, அவள் வைத்தியரையே அழைத்து வந்துவிட்டாள். ஊசிக்குரிய நேரம் நெருங்கியது. அவர் சன்னலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். “உங்கள் கடவுளுக்கு இன்னும் எவ்வளவு நேரம் வேண்டும்?” என்றார்.

செல்லம்மா கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “எடுத்துக் குடுங்க. அவரு பாத்துட்டாரு.”

விழுங்கினாள், ஊசியும் ஏறியது. வாந்தி வரவில்லை. ஆனால் நாக்கு வறண்டது, தலை சுழன்றது, நெஞ்சு படபடத்தது. சுவரோரம் யாரோ நிற்பதாக அஞ்சி என் கையை நகம் பதியப் பற்றினாள். மருந்தின் குணம்தான், தணியும், அடுத்தமுறை அளவைக் குறைக்கலாம் என்றார் வைத்தியர். பிற்பகலில் அச்சம் சற்று விலகியதும், பசிக்கிறது என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. கஞ்சி குடித்தாள். அது வயிற்றில் தங்கியது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மயக்கம் தெளியாத செல்லம்மா எழுந்து, கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் இடுப்பில் சாக்குப் படங்கு சுற்றுவதுபோல் ஆஸ்பத்திரிப் போர்வையைச் சுற்றி இறுக்கினாள். கனத்த குளிர்ச்சட்டையோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு எல்லாரும் போயிட்டாங்க. நீங்க என்னாங்க, தோட்டத்துத் தொர மாதிரி கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க?”

நான் கோட்டைக் கழற்றாமலே அவளைக் கட்டிலில் உட்கார வைத்தேன். இந்த எழுத்தை எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.