கத்தியைக் கீழே வைத்தவள்

கறி வெட்டும் வேலை பொம்பளைக்கு எதற்கு என்று கேட்டவர்களெல்லாம், அக்கா ஒருமுறை தொடைக்கறி வெட்டுவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அதே கடையில் பொட்டலம் கட்டுகிறவன் நான்; கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளுக்குக் கோபம் மூக்குநுனியில். தினமும் உதைத்த புருஷனின் தோளில் கத்தியை இறக்கிவிட்டு இரண்டு வருஷம் ஜெயிலில் இருந்தவள். வெளியே வந்தவளுக்கு வேலை கொடுத்தவர் எங்கள் முதலாளி ஒருவர்தான்.

அவர் செத்ததும் உயிலைப் பிரித்தார்கள். கடை இரண்டு மகன்களுக்கு. மாடிவீடு, புருஷனை இழந்து அப்பாவோடு இருந்த மகளுக்கு. உயிலை நிறைவேற்றி வைக்கும் பொறுப்பு அக்காவுக்கு. அன்றைக்கே பெரியவன் தங்கையை மயிரைப் பிடித்து மாடிப்படியில் இழுத்து வந்தான்.

"ஜெயிலுக்குப் போனவ எப்படி எக்ஸிகியூட்டரா இருக்க முடியும்?" என்று கத்தினான். அக்காவுக்கும் அதே சந்தேகம். கோர்ட் குமாஸ்தாவிடம் போனோம்.

"வயசு வந்திருக்கணும், புத்தி தெளிவா இருக்கணும், அவ்வளவுதாம்மா. பழைய ஜெயில் குறுக்க வராது. ஆனா புத்தி சரியில்லன்னு அவங்க நிரூபிச்சுட்டா, பொறுப்பு பெரியவன் கைக்குப் போயிடும். நீங்க கோபத்துல யாரையாவது வெட்டினா அதையே சாட்சியாக்கிடுவாங்க. கொஞ்ச நாள் கையை அடக்கி வைங்க" என்றார்.

இது அவர்கள் காதுக்கும் எட்டிவிட்டது. மறுநாள் காலை, கடையில் கூட்டம் நிற்கும்போது வந்தார்கள். சின்னவன் செல்போனைத் தூக்கிப் பிடித்து ஊருக்கே நேரலையில் காட்டினான். பெரியவன் அக்காவின் கன்னத்தில் அறைந்தான்.

"வெட்டுடி பாப்போம்! புருஷனையே வெட்டினவதானே!"

அவள் கையில் எலும்பு வெட்டும் கத்தி. அது மேலே எழுந்தது. அவள் அதைக் கட்டையில் வைத்து என் பக்கம் தள்ளினாள். "உள்ள கொண்டு போய் வைடா."

பிறகு நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. முகத்தில் குத்தினான். விழுந்தவளை விலாவில் உதைத்தான். வலது கையை இழுத்துக் குளிர் அறையின் கதவிடுக்கில் வைத்து இரும்புக் கதவை அறைந்து சாத்தினான். மூன்று விரல்கள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கத்தியோடு உள்ளேயே நின்றேன், தடுக்க வரவில்லை. இன்றுவரை அது என்னை அரிக்கிறது.

"திருப்பி அடிடி!"

அவள் ரத்தத்தைத் துப்பினாள். "மாட்டேன்டா. வீடு உன் தங்கச்சியோடது."

அவளுக்குப் பைத்தியம் என்று மனுப் போட்டார்கள். சின்னவன் காட்டிய படம் தெருவில் எல்லோரிடமும் இருந்தது. என்னால் முடிந்தது, அதை நீதிபதியிடம் சேர்த்ததுதான். அவர் இரண்டு முறை பார்த்தார்.

"கத்தியை ஏம்மா கீழ வச்சீங்க?"

"வெட்டியிருந்தா நான் உள்ள போயிருப்பேன் ஐயா. அந்தப் பொண்ணு தெருவுல நின்னிருக்கும்."

மனுவைத் தள்ளுபடி செய்தார். உயில் பொறுப்பை ஏற்கும் தாளில் அக்கா இடது பெருவிரல் ரேகை வைத்தாள். அடித்த குற்றத்துக்காகப் பெரியவனைக் கோர்ட் வாசலில் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. அவனைத் தாண்டி வரும்போது கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள்:

"ரேகை வைக்கும்போதும் இவனை ஒரே வெட்டா வெட்டணும்னுதான்டா இருந்துச்சு."