அன்று கரண்ட் போகவில்லை

அந்தப் பெண்ணின் நேர்முகத் தேர்வைக் கெடுத்தவன் நான். கரண்ட் போனதால் கெட்டுவிட்டது என்று செஞ்சியில் எங்கள் தெரு முழுக்க மூன்று வாரம் நம்பியது. கரண்ட் போகவில்லை. மோடத்தின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கியது என் கை. பதற்றத்தில் கை தானாகப் போனது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. யோசிக்க இரண்டு நொடி கிடைத்தது. யோசித்துத்தான் பிடுங்கினேன்.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வெளிநாட்டில் இருக்கும் மகன் விட்டுப்போன லேப்டாப்பும், அவன் போட்டுக் கொடுத்த இணைய இணைப்பும் வீட்டில் உண்டு. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே இருப்பவர் கல் குவாரியில் கம்ப்ரசர் பிடித்துப் பாறையில் துளை போடுகிறவர். அந்த இரைச்சலில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. அவருக்கு ஒரே மகள்.

அவள் பிளஸ் டூ முடித்துவிட்டு வெளிமாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிலவியல் ஹானர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். நான்கு வருடம், கடைசி வருடம் ஆராய்ச்சி. நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். கணினி வழியாக ஒரு நேர்முகம் மட்டும் மிச்சம். அவள் அம்மாவுக்கு இதில் பெரிய சந்தோஷம் இல்லை. "டிகிரிதானே? திண்டிவனத்துல இல்லாத டிகிரியா?" என்று வாசலில் நின்று என்னிடமே கேட்டார். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பாறையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அவள் அப்பா குவாரியிலிருந்து டிபன் பாக்ஸோடு கல் துண்டுகளும் கொண்டுவருவார்.

"சார், திங்கக்கிழமை பதினோரு மணிக்கு உங்க ஹாலு ஒரு மணி நேரம் வேணும். எங்க ஊட்ல நைனாவுக்குக் காது கேக்காததால டிவி அலறும். நெட்டும் நிக்காது. வேற ஒண்ணும் வேணாம் சார்" என்று கேட்டாள்.

அவள் கேட்டது ஹாலை. என்னைக் கேட்கவில்லை.

திரையில் மூன்று பேராசிரியர்கள் வந்தார்கள். நான் சமையலறையில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். கால் அங்கே நிற்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைச் சாக்காக எடுத்துக்கொண்டு வந்து, லேப்டாப்புக்குப் பின்புறம், கேமராவில் படாத இடத்தில் நின்றுகொண்டேன். பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. பிறகு அவர்களில் இருந்த அம்மையார் கேட்டார்: உங்கள் ஊர் மலைகளில் பாறைகள் ஏன் உருண்டை உருண்டையாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன?

அவள் முகம் மலர்ந்தது. என் அப்பா பாறையில் துளை போடுகிறவர், பாறைக்குள் முன்பே விரிசல்கள் இருக்கும் என்று அவர் சொல்வார், அந்த விரிசலில் தண்ணீர் இறங்கும் என்று ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில்தான். ஆனால் என்ன ஆங்கிலம்! ஒருமை பன்மை மாறுகிறது, காலம் மாறுகிறது. எனக்கு உடம்பு கூசியது. அவள் என்ன சொல்கிறாள் என்பதை நான் கேட்கவே இல்லை. எப்படிச் சொல்கிறாள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் ஒரு முழு ஆங்கில வாக்கியம் எழுதிக் காட்டினேன். செஞ்சிக் கோட்டை கிழக்கின் டிராய் என்று அழைக்கப்படுகிறது. ஆண்டுதோறும் பள்ளி ஆண்டு விழாவில் நான் சொல்லிவந்த வாக்கியம் அது.

எங்கள் தெருவில் பிள்ளைகளை 'சார் சொன்னா கேளு' என்று சொல்லித்தான் வளர்ப்பார்கள். அவள் பாதியில் நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள். அதை அப்படியே படித்துவிட்டாள்.

அந்த அம்மையார் சிரித்துவிட்டார். "பாறைக்கும் டிராய்க்கும் என்ன சம்பந்தம்?" பக்கத்திலிருந்தவர் சிரிக்கவில்லை. "அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். "இல்லை சார்" என்றாள். "கேமராவைத் திருப்பி அறையைக் காட்டம்மா" என்றார் அவர். அவள் லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கினாள். அப்போதுதான் நான் ஒயரைப் பிடுங்கினேன்.

திரை உறைந்தது. "கரண்ட் போயிடுச்சும்மா" என்றேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "ஒரு ஃபேஸ் போயிருக்கும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவள் தன் சான்றிதழ் ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து வாசலில் வந்து நின்று போனை நீட்டினாள். "படிங்க சார்." நேர்முகம் முழுமையடையவில்லை, அறையில் வேறொருவர் இருந்ததாகச் சந்தேகம், எனவே தேர்வு செய்ய இயலவில்லை என்று வந்திருந்தது. "நெட் பிரச்சனைன்னு ஒரு பதில் போட்டுடலாம்மா" என்றேன். போனை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. மோடத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்; அதன்மேல் துண்டைப் போட்டேன். எழுந்து நடப்பேன், உட்காருவேன், எழுவேன். காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முதலில் கிளம்பும் பஸ்ஸில் ஏறுவேன். அவலூர்பேட்டையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அமாவாசையன்று தெரியாமல், அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் மேல்மலையனூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நிற்க இடமில்லாத கூட்டத்தில் என் பழைய மாணவர் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். "உங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு இன்டர்வியூ நேரத்துல கரண்டப் புடுங்கிட்டானுங்களாமே சார்? கேள்விப்பட்டேன்" என்றார். புடுங்கிட்டானுங்க என்ற சொல்லைக் கேட்டதும் கிடைத்த இருக்கையில் உட்காராமல் வழியிலேயே இறங்கிவிட்டேன்.

இதற்கிடையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் லைன்மேன் அகப்பட்டுக்கொண்டார். பெண்ணின் அம்மா அவரைக் குழாயடியில் மறித்து, "எம்பொண்ணு தலையில மண்ணப் போட்டுட்டியேய்யா" என்று நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டார். அந்த மனிதர் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"சார், நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. அன்னைக்குப் பதினோரு மணிக்குக் கரண்ட் போச்சா?"

"ஒரு ஃபேஸ்..." என்றேன்.

"ஒரு ஃபேஸ் போனா தெருவுல எட்டு பேரு எனக்குப் போன் அடிப்பாங்க சார். ஒருத்தர் அடிக்கல."

"எனக்கு நேரமாகுது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மறுநாளும் அவலூர்பேட்டை. திரும்பும்போது ஜன்னலோர இருக்கை. ஊர் நெருங்கியதும் மலைகள் வந்தன. எழுபது வருடமாகப் பார்க்கிற பாறைகள். ஏன் உருண்டையாக இருக்கின்றன என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. விரிசலில் தண்ணீர் இறங்கும் என்றாளே, பிறகு என்ன சொல்லியிருப்பாள்? அந்த வாக்கியத்தின் மறுபாதி எனக்குத் தெரியாது. நான்தான் அதை நிறுத்தினேன். பஸ் நின்றதும் வீட்டுக்குப் போகாமல் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

அவள் மெஷினில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். "எத்தினி காப்பி சார்?"

"காப்பி இல்லம்மா. அன்னைக்கு நீ சொல்ல வந்தது என்ன? தண்ணி இறங்கினதுக்கு அப்புறம்?"

"இப்ப எதுக்கு சார் அது?"

"கரண்ட் போகலம்மா. நான்தான்..."

"தெரியும் சார்." தாள் அடுக்குவதை அவள் நிறுத்தவில்லை. "ஃபேனும் மோடமும் ஒரே போர்டுதானே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நானும்தானே யாருமில்லன்னு சொன்னேன்? எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு சொல்றது?"

இத்தனை நாளும் அவள் தன்னையும் குற்றவாளியாக எண்ணி அந்த மெஷின் முன் நின்றிருக்கிறாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்றேன். "மொதல்ல நைனாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து, உடம்பெல்லாம் கல் தூசியோடு வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"இன்னா சார்?" என்று காதைத் திருப்பினார்.

"கரண்ட் போகலைங்க!"

"இப்ப இருக்குதே சார். லைட்டு எரியுதே."

"இப்ப இல்ல! பொண்ணு இன்டர்வியூ அன்னைக்கு! ஒயரைப் பிடுங்கினது நான்தான்!"

வகுப்பறையில்கூட அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. தெருக்கோடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த லைன்மேன், "அதான பார்த்தேன்!" என்று அங்கிருந்தே கத்தினார்.

பெண்ணின் அப்பா குழாயை மூடினார். "எதுக்கு சார்?" என்றார். அதற்கும் கத்தித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "மாட்டிக்குவோம்னு பயந்துட்டேன்!" முதல் முறை அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறையும் கத்தினேன்.

தோளில் கிடந்த துண்டால் காலைத் துடைத்துக்கொண்டார். "எங்கூட்டுக்காரி லைன்மேனை வாய்க்கு வந்தபடி திட்டிட்டா. நாங்க போய் மன்னிப்பு கேட்டுக்கறோம். நீங்களும் அந்தாளுகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க சார்" என்று சொல்லி உள்ளே போனார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

கடிதத்தை மூன்று முறை எழுதினேன். அவளிடம் காட்டினேன். என் பணிக்காலம், நல்லாசிரியராக எனக்கிருந்த பெயர், உதவும் எண்ணத்தில்தான் செய்தேன் என்பதெல்லாம் இரண்டு பத்தி இருந்தது. "இதெல்லாம் எதுக்கு சார்? உங்களப் பத்தி யாரு கேட்டாங்க?" என்று அடித்தாள். ஆறு வரி மிஞ்சியது. அதன் கீழே, அறையில் யாரும் இல்லை என்று தான் சொன்னது பொய் என அவளே ஒரு வரி சேர்த்தாள். அது வேண்டாம், அதற்கும் நான்தானே காரணம் என்றேன். "இது என்னோடது சார்" என்றாள்.

பதில் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் பஸ் ஏறவில்லை. மோடத்தின் முன்னால்தான் நடந்தேன். பட்டியல் முடிந்துவிட்டது, காலியிடங்களுக்குக் கடைசிச் சுற்று ஒன்று உண்டு, மாணவி அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரலாம், எந்த உறுதியும் தர இயலாது என்று எழுதியிருந்தார்கள். துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன். அவள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் சார். நீங்க அங்கயும் எதனா எழுதிக் காட்டுவீங்க." தெருவே சிரித்தது. அப்பாவும் மகளும் ரயிலேறினார்கள்.

அவளுக்கு ஹானர்ஸில் இடம் கிடைத்தது. வகுப்பு தொடங்கி மூன்று வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். விடுதியில் அறைகள் நிரம்பிவிட்டதால் மாடி ஹாலில் ஒன்பது பெண்களோடு தரையில் பாய். முதலாண்டு மாணவர்களைப் பாறை பார்க்க அழைத்துப்போகும் முதல் பயணம், அவள் போவதற்கு நாலு நாள் முன்னால் முடிந்திருந்தது. மற்றவர்கள் அங்கிருந்து எடுத்துவந்த கற்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்க, அவள் சும்மா உட்கார்ந்திருந்தாளாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் ஞாயிறுதோறும் வீட்டுக்குப் பேசுவாள். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமென்று போனை ஸ்பீக்கரில், முழுச் சத்தத்தில் வைப்பார்கள். நடுவே ஒரே சுவர். நான் வெளியே போய்விடலாம், போவதில்லை. சாப்பாட்டில் சாம்பார் இனிக்கிறது என்பாள், சீனியர்கள் இந்தி பேசச் சொல்கிறார்கள் என்பாள். லைன்மேனைக்கூட விசாரிப்பாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. பாதியில் நின்ற அந்தப் பாறைப் பதிலின் மறுபாதியும் எனக்கு இன்னும் தெரியாது. புத்தகத்தில் தேடிப் படித்துக்கொள்ளலாம், மனம் வரவில்லை.

போன ஞாயிறு அவசரமாகப் பேசினாள். சாதிச் சான்றிதழின் நகலை மறுநாள் காலையில் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், அசல் வீட்டு பீரோவில் இருக்கிறது, வீட்டில் இருப்பதோ படமெடுக்க முடியாத பட்டன் போன். அவள் அம்மா, "ஜெராக்ஸ் கடை லீவாச்சேடி" என்றார். பிறகு சுவரைத் தாண்டி அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"சார் ஊட்ல கரண்ட் இருக்குதான்னு கேளு. இருந்தா அனுப்பச் சொல்லு."

அம்மா வந்து கூப்பிடுவதற்கு முன்பே நான் கதவைத் திறந்து நின்றேன். சான்றிதழைப் படமெடுத்து ஏற்றினேன். அவள் மின்னஞ்சல் முகவரியை இட்டேன். கீழே இரண்டு வரி எழுதினேன்: நலமா, என்னை மன்னித்தாயா, அந்தப் பாறை விஷயம் என்று. படித்துப் பார்த்தேன். இரண்டு வரியையும் அழித்துவிட்டு, சான்றிதழை மட்டும் அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "வந்துடுச்சு சார்."