கேபிளில் இருந்த கட்டி

கம்ப்யூட்டர் திரையிலிருந்து இறங்கும் கறுப்புக் கேபிளில், முனைக்குச் சற்று முன்னால் கட்டைவிரல் பருமனில் ஓர் உருளை இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், கோவில்பட்டியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த கடலை மிட்டாய்க் கம்பெனியின் முதலாளி நினைவுக்கு வந்துவிடுவார். மூட்டையைப் பிரித்ததும் சொத்தைக் கடலை எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுகிற கண் அவருக்கு. புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்றும் அந்தக் கண் நேராக உருளையின்மேல்தான் விழுந்தது.

"ஏட்டி, இதென்ன, எலிய முழுங்குன பாம்பு மாதிரி இருக்கு? ஒட்டுப்போட்ட வயர நம்ம தலையில கட்டிட்டானுவ."

எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"அப்ப எல்லாத்துலயும் ஏமாத்துதானுவ" என்றவர், கத்தியை எடுத்து மேலுறையைச் சீவினார். உள்ளே ஒட்டு ஒன்றும் இல்லை. வயரைச் சுற்றி ஒரு கறுப்புக் கல் வளையம்தான் இருந்தது. அதையும் தட்டி உடைத்துக் குப்பையில் போட்டார். திரை எப்போதும்போல எரிந்தது. ஜெயித்த முகத்தோடு, செய்தி கேட்க என் மேசைக்குப் பக்கத்திலிருந்த ரேடியோவைத் திருகினார். அது கொர்ரென்று இரைந்தது.

ரேடியோவுக்கு வயசாகிவிட்டது என்று முடிவுகட்டி வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினார். அதுவும் இரைந்தது. ஒரு நாள் மத்தியானம் வாட்ச்மேன் இருக்கும் வாசல் கேட்டுப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பழைய ரேடியோ தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது.

"இங்கன மட்டும் எப்படிய்யா பாடுது?"

"எனக்கு என்னைக்குமே நல்லாத்தான் பாடுது மொதலாளி."

முதலாளி புது ரேடியோவைக் கேட்டுக்கு எடுத்துப் போனார். அங்கே அதுவும் பாடியது. பாட விட்டபடியே திரும்பி நடந்தார். மிட்டாய் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் மேசையை நெருங்க நெருங்க இரைச்சல் ஏறியது. உறை சீவிய இடத்தில் அலறியது. நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். பாட்டு வந்தது.

கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் வந்து பார்த்தார். "வயரு நீளமா கிடக்குல்லா, ஏரியல் மாதிரி இரைச்சல வெளிய விடும் அண்ணாச்சி. அத அமுக்கதுக்குத்தான் அந்தக் கல்லு."

"அத அதும்மேல எழுதி ஒட்டுனா என்னவாம்?" என்றார் முதலாளி.

கட்டியோடு புதுக் கேபிள் வந்தது, இரைச்சல் அடங்கியது. ஆனால் புது ரேடியோவின் கீச்சுக்குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. பழையதை வாட்ச்மேனிடம் பட்டும்படாமல் கேட்டுப் பார்த்தார்.

"குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாவளா மொதலாளி" என்று அவர் சிரித்துவிட்டார்.

அதன்பின் தினமும் செய்தி நேரத்தில் முதலாளியின் நாற்காலி கேட்டுக்குப் போய்விடும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். எந்த ஸ்டேஷன் வைப்பது என்பதை மட்டும் வாட்ச்மேன்தான் முடிவு செய்தார்.