பழைய போர்டும் காலி கேட்டும்

கம்ப்யூட்டரில் இரண்டு படங்களை ஒன்றாக்குவது எளிது. வாடிக்கையாளரை நம்ப வைப்பதுதான் கஷ்டம். இந்தத் தொழிலில் கண் எரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிண்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலைநிறுத்தம் நடத்தி வேலை இழந்தவன் நான். சங்கத் துண்டறிக்கைகளை நானே எழுதி நானே டைப் அடித்த பழக்கத்தில், தொண்ணூறுகளின் நடுவில் தி.நகர் போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் சேர்ந்தேன். ஐம்பது வயதுக்காரனை, அதுவும் சங்கக்காரனை, வேறு யார் சேர்ப்பார்கள்?

ஆளுக்குப் பாதி

ஊரூர் குப்பத்திலிருந்து மீன் விற்கும் அம்மாள் ஒருவர் வந்தார். கணவர் துபாயில். தனித்தனிப் படங்களைச் சேர்த்து ஜோடியாக்கித் தரக் கேட்டார். மேலே வைக்கும் படம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு அளவு கொடுக்க வேண்டும். சமத்துவத்தில் ஊறியவன் நான். பாதிக்குப் பாதி வைத்துவிட்டேன். கணவரின் சட்டை வழியாகப் பின்னாலிருந்த திரைச்சீலை தெரிந்தது.

“இன்னா நைனா, உசுரோட கீற மனுசனை ஆவியாக்கி வச்சிக்கீற?”

கண்ணாடிப் பொட்டு

மயிலாப்பூர் மாமி ஒருவருக்கு, மகளின் கல்யாணப் படத்தில் காலமான கணவரை நிற்க வைக்க வேண்டும். வீட்டில் மாட்டியிருந்த அவர் படத்தைக் கொண்டு வந்தார். கண்ணாடிச் சட்டத்தைப் பிரித்தால் படம் கிழியும் என்று பயந்து அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்தேன். கண்ணாடியில் வைத்திருந்த சந்தனப் பொட்டை, அவர் நெற்றியில் இட்டுக்கொண்டது என்று நினைத்துப் பத்திரமாகக் காப்பாற்றினேன். மாமி கோபப்படவில்லை.

“பொண்ணு கல்யாணத்துக்கு வந்து நிக்கறவருக்கு, படத்துக்கு வைக்கற பொட்டு எதுக்கு சார்?”

காலி கேட்

இன்னொரு வேலை கெட்டால் வர வேண்டாம் என்று முதலாளி சொன்ன அதே வாரம், என் பழைய தொழிற்சாலையிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்தார். என்னை அவருக்குத் தெரியாது. விழா மலருக்குப் பழைய பெயர்ப் போர்டோடு கேட் படம் வேண்டுமாம். போர்டைக் கழற்றி வருஷங்கள் ஆகிவிட்டன. அது தெரியும்படி அவரிடம் இருந்த ஒரே படம் எங்கள் வேலைநிறுத்தத்தின்போது எடுத்தது. அதன் மேல்பாதியையும் இப்போதைய காலி கேட்டின் கீழ்ப்பாதியையும் ஒன்றாக்க வேண்டும். பழைய படத்தில், கொடியோடு முதல் வரிசையில் நின்றவன் நான்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். முதலாளி கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தேன். என் கொடி போர்டில் இரண்டு எழுத்துகளை மறைத்திருந்தது. துணியை ஓரம் ஓரமாக நீக்கி, எழுத்துகளை மீட்டு, மதியம் முழுக்கச் செய்தேன். ஒட்டு எங்கும் தெரியவில்லை. அதிகாரி வெகுநேரம் பார்த்தார்.

“ஆள் நின்ன தடமே இல்ல. இதுக்கு முன்னாடி எங்க சார் வேலை பார்த்தீங்க?”

அந்த கேட்டிலிருந்து என்னை அப்புறப்படுத்த முதல் முறை ஒரு போலீஸ் வேன் தேவைப்பட்டது. இரண்டாம் முறை நானே போதுமாக இருந்தேன்.