மோசுல் தெரிந்த நானா

எங்கள் எதிர்வீட்டு நானா இளவயதில் ஈராக்கில் வேலை செய்தவர். மோசுல் நகரத்தில் கட்டிட வேலை எடுத்த ஒரு கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளர். பிறகு மருதானையில் இரும்புச் சாமான் கடை போட்டு, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருந்தார். ஆனாலும் பேச்சு அடிக்கடி மோசுலுக்குத்தான் போகும். அங்கத்தைய வெள்ளரிக்காய்க்கு நம்முடைய வெள்ளரிக்காய் உறைபோடவும் காணாதாம்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், எங்கள் இரண்டு வீட்டுக் கதவுகளும் நேருக்கு நேர். நான் யாழ்ப்பாணத்தவள். புதுக்கடை நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நானாவின் மனைவியை நான் தாத்தா என்று கூப்பிடுவேன். இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும்தான் அழைப்பார்கள். கனடாவிலிருந்து வந்திருந்த என் தங்கை, "தாத்தா வாறார் எண்டாய், இது ஆரோ மனுசியெல்லோ?" என்று கேட்டதைத் தாத்தா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவர்கள் வீட்டு டிவி பேரப்பிள்ளைகளின் ஆட்சியில் இருந்ததால் நானா மாலைச் செய்தி பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார். கறுப்புக் கொடிக்காரர்கள் மோசுலைப் பிடித்த செய்தியையும் அப்படித்தான் பார்த்தார். கதிரையை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டே போனார்.

"தங்கச்சி, இது நான் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிச்ச சந்தி."

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் செய்தியைத் தவறவிட்டதில்லை. எந்த ஊர் விழுந்தது, எத்தனை சனம் ஓடியது எல்லாம் அவருக்கு மனப்பாடம். "இவனுகள் எங்க மார்க்கம் படிச்ச? கொல்றதும் கூட முஸ்லிமத்தானே" என்று திரையோடு வாதாடுவார். எதிர்வீட்டு வாசலிலிருந்து தாத்தா குரல் கொடுப்பார்: "டிவியோட சண்ட புடிச்சது போதும். வாங்க, சோறு ஆறுது."

பிறகு எங்கள் நாட்டிலிருந்தும் சிலர் அங்கே போயிருப்பதாகச் செய்தி வந்தது. ஒரு கல்யாண வீட்டில் இரண்டு இளைஞர்கள் அந்த இயக்கத்தின் வீடியோவைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்ததை நானா கண்டு ஏசியிருக்கிறார். அவர்கள் சிரித்தார்களாம். "அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல்ல" என்று மட்டும் எங்களிடம் சொன்னார்.

அந்த உயிர்த்த ஞாயிறு காலை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தேவாலயத்தில் குண்டு வெடித்ததாகத் தொலைபேசியில் சொன்னார்கள். பிறகு ஹோட்டல்கள். நான் டிவியைப் போட்டபோது நானா வாசலில் நின்றார், சாரத்தோடு, ஷேர்ட் பொத்தான் மாறிப் பூட்டியபடி.

"எங்கட ஆக்களா, தங்கச்சி?"

"இன்னும் தெரியேல்ல நானா."

தெரியவில்லை என்று சொன்ன வாயோடேயே அவரை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தேன். இவருக்கு ஏதும் தெரிந்திருக்குமோ என்ற நினைப்பு வந்தது. யுத்த காலம் முழுவதும் அந்தப் பார்வையைப் பஸ்ஸிலும் சோதனைச் சாவடியிலும் வாங்கித் தின்றவள் நான். எனக்கே அது எவ்வளவு சுலபமாக வந்தது.

வெடித்தவர்கள் முஸ்லிம் இளைஞர்கள்தான் என்று மாலையில் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் நானா செய்திக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கதவைத் தட்டினால் தாத்தாதான் வந்தார். "படுத்தீக்கிறார்" என்றார்.

ஒழுங்கைகளில் இராணுவத் தேடுதல் தொடங்கியது. அரபு எழுத்து இருந்தால் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற கதை எல்லா மாடியிலும் உலாவியது. ஒரு மத்தியானம் தாத்தா இரண்டு சாக்குப்பை நிறைய அரபுக் கடதாசிகளோடு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இதெல்லாம் எரிக்கவா? ஒங்களுக்குத்தான் இந்த விஷயம் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். நாங்களும் யுத்த காலத்தில் தேடுதலுக்குப் பயந்து குசினி அடுப்பில் கடிதங்களை எரித்தவர்கள். அதில் என் அம்மா எழுதிய கடிதங்களும் போய்விட்டன. பிறகு அம்மாவின் கையெழுத்து என்று என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

"எரிக்க வேண்டாம். நானாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். அவர் ஒவ்வொன்றும் என்னவென்று சொல்ல, தேடி வருகிறவர்களுக்கு விளங்க நான் சிங்களத்தில் சிறு துண்டு எழுதி ஒட்டினேன். பேரப்பிள்ளைகளின் எழுத்துப் புத்தகம். தொழுகைப் புத்தகம். சம்பளப் பத்திரம். தடித்த ஒரு புத்தகத்தைப் பிரித்தவர் தயங்கினார்.

"இது என்ன நானா?"

"சீமெந்து குழைக்கிற மெசின ஓட்டுற விதம்."

"இதை ஏன் இவ்வளவு காலம் வைச்சிருக்கிறியள்?"

"அதத்தான் நானும் முப்பது வருஷமாக் கேக்கிற" என்றார் தாத்தா. அந்த வாரத்தில் முதல் தடவையாக மூன்று பேரும் சிரித்தோம்.

பைக்கு அடியில் ஒரு படம் கிடந்தது. பனித் தொப்பியோடு இரண்டு இளந்தாரிகள், ஒருவர் தோளில் மற்றவர் கை. ஒருவர் நானா. மற்றவர் மோசுலில் அவரோடு ஒரே அறையில் இருந்த கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் என்றார் தாத்தா. குண்டு வெடித்த தேவாலயத்துக்கு ஒவ்வொரு ஞாயிறும் போகிறவர்.

"அவருக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டேன்.

நானா படத்தைத் திருப்பி வைத்தார். "தெரியா. போன் எடுக்க எனக்கு முகமில்ல."

தேடுதல் இரண்டு நாள் கழித்து வந்தது. நான் கூடவே நின்றேன். ஓர் இளம் சிப்பாய் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தான். சீமெந்து மெசின் புத்தகத்தில் வரைபடங்கள் இருந்ததால் அதை மட்டும் கொண்டுபோனார்கள். அது திரும்பி வரவேயில்லை. தாத்தாவுக்கு அதில் கவலை கிடையாது.

அவர்கள் படியிறங்கிய பிறகு நானா சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "கொட்டாஞ்சேனைக்குப் போகணும். தனியப் போக ஏலா. வாரீங்களா?"

பஸ் எடுத்துப் போனோம். இறங்கிய இடத்தில் மின்கம்பங்களில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகள் இன்னும் தொங்கின. நண்பரின் வீட்டுக் கதவை நான்தான் தட்டினேன். திறந்தவர் ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தார். நெற்றியில் தையல். நானாவைப் பார்த்தபடியே நின்றார்.

"நீயாடா குண்டு வச்ச?"

"இல்ல."

"அப்ப ஏன் போன் பண்ணல்ல? நான் ஆஸ்பத்திரியில கிடந்து ஒவ்வொரு நாளும் பாத்தேன்."

 நண்பர் நானாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். நான் செருப்பைக் கழற்றும் சாட்டில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

நண்பருக்கு அந்தக் காது போய்விட்டது. அதனால் நானா கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. மோசுல் குளிரைப் பற்றியும், அறையில் சோறு கருகவிட்டது யார் என்பது பற்றியும் இரண்டு கிழவர்களும் கத்திக் கத்திச் சண்டை பிடித்ததை அந்தத் தெருவே கேட்டிருக்கும். இடையில் நண்பர், தேவாலயத்தில் தனக்கு முன் வாங்கில் இருந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் நான் நானாவிடம் சொல்லிவிட்டேன். "அண்டைக்குக் காலமை உங்களை ஒருமாதிரிப் பாத்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"வெளங்கிச்சு" என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நீங்க இங்க வந்த புதுசில, ராவில ஒங்கட ஊட்டுக்கு யார் யார் வாராங்கன்னு நானும் எண்ணிக் கொண்டு ஈந்த" என்றார்.

அது என் தம்பிகள். யுத்தத்துக்குத் தப்பி வெளிநாட்டுக்குப் போகிற வழியில் தங்கினவர்கள். அதை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். அவர்களில் யார் எங்கே இருக்கிறார், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் வெள்ளவத்தை வரும்வரை விசாரித்துக்கொண்டே வந்தார்.