வெள்ளையான குப்பைத்தொட்டி

மட்டாஞ்சேரி வெங்கிடேஸ்வரன் இன்சூரன்ஸ் கம்பெனியில் மேற்பார்வை பார்த்தே ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் அந்தத் திறமையை வீணாக்கவில்லை. மனைவி கமலாக்ஷி தோசை வார்த்தால் அதை மேற்பார்த்தார். துணி உலர்த்தினால் கிளிப் போடுவதை மேற்பார்த்தார். இப்படி ஒரு உதவி யாருக்குக் கிடைக்கும் என்று கமலாக்ஷி அடிக்கடி நினைத்துக்கொள்வாள், வாய்விட்டுச் சொன்னதில்லை.

மகனுக்குக் கலூரில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகச் சாப்பிட வருகிறார்கள். சமையலறைக் குப்பைத்தொட்டியோ, வாங்கும்போது வெள்ளை. சாம்பாரும் மஞ்சளும் சாயாச் சக்கையும் ஊறி, இப்போது அதன் நிறத்துக்குப் பெயர் கிடையாது.

"ஏன்னா, பிராட்வே கடைத்தெருவுக்குப் போறச்சே புதுசா ஒண்ணு வாங்கிண்டு வந்துடுங்கோளேன்," என்றாள் கமலாக்ஷி.

"நல்ல சாதனத்தைத் தூர எறியறதா? நானே தேய்ச்சுத் தரேன். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், கேட்டயா."

கமலாக்ஷி ஒன்றும் பண்ணவில்லை. பிரஷ் எடுத்துக் கொடுத்தாள். வெந்நீர் போட்டாள். ஆப்பசோடா டப்பா இருக்கும் இடத்தைச் சொன்னாள். அவர் கண்ணில் படாததால் எடுத்தும் கொடுத்தாள். முதுகு வலிக்கிறது என்றதும் மணை போட்டாள். மற்றபடி முழு வேலையையும் அவர்தான் செய்தார்.

சோடாவுக்குக் கறை அசையவில்லை. ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். தொட்டி அப்படியே இருந்தது. அவருடைய நீலச் சட்டைதான் அங்கங்கே வெளுத்தது. கடைசியில் தொட்டியை மொட்டை மாடி வெயிலில் வைத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெயிலையும் யாராவது மேற்பார்க்க வேண்டுமே.

மஞ்சள் கறை வெயிலுக்குத்தான் பயப்படும் போலிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் தொட்டி பளிச்சென்று கீழே இறங்கி வந்தது. கமலாக்ஷிக்கே ஆச்சரியம். ஆனால் அதற்குப் பிறகு அதில் குப்பை போட அவர் யாரையும் விடவில்லை. காய்கறித் தோலெல்லாம் கதவுப் பிடியில் தொங்கிய கடைப்பைக்குப் போயிற்று.

ஞாயிறன்று சம்பந்தி விஸ்வநாத்தும் ஜெயலக்ஷ்மியும் வந்தார்கள். அவர்கள் உட்காருவதற்குள் வெங்கிடேஸ்வரன் சமையலறைக்கு அழைத்துப்போய்த் தொட்டியைக் காட்டினார். விஸ்வநாத் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, மெதுவாகத் தலையாட்டினார். பெண்ணைக் கொடுக்கிறவர், வேறென்ன செய்வார்.

சாப்பாடு முடிந்ததும் விஸ்வநாத்தே வாழைப்பழத் தோலோடு தொட்டியைத் தேடி வந்தார். வெங்கிடேஸ்வரன் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"இதுல வேண்டாம். எங்கிட்டத் தாங்கோ."

வாங்கியவருக்கு அதை எங்கே போடுவதென்று தெரியவில்லை. தோலும் கையுமாக நின்றார். கமலாக்ஷி அதைப் பிடுங்கித் தொட்டிக்குள் போட்டு மூடினாள்.

"குப்பைத்தொட்டியாக்கும் அது," என்றாள்.

ஜெயலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெங்கிடேஸ்வரன் காதில் விழாதவர் மாதிரி, பாயசத்தில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்று பேச ஆரம்பித்தார்.

மறுவாரம் கலூரிலிருந்து ஜெயலக்ஷ்மி ஃபோனில் கூப்பிட்டாள்.

"மாமி, உங்காத்துக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்து இவரும் எங்க தொட்டியை மாடியில வச்சுண்டு உக்காந்துட்டார். சாப்பிடக்கூட இறங்கி வரலை. நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்கோ," என்றாள் கமலாக்ஷி. "கதவைச் சாத்திண்டு சித்த நாழி நிம்மதியாத் தூங்குங்கோ."